சின்னக்கண்ணுவின் ஆள்காட்டி விரல்

ரத்தம் எடுக்கக் கையில் கட்டிய ரப்பர் பட்டையோடு எழுந்து ஓடப் பார்த்தவர் சின்னக்கண்ணு. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில், அங்கே டெக்னீஷியனாக இருக்கும் முகேஷ்குமார் அவரை முதன்முதலில் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். முகேஷ்குமாருக்குத் தொப்பம்பட்டிப் பக்கம். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வெள்ளைக் கோட்டைத் தானே துவைத்து இஸ்திரி போட்டு மாட்டுகிறவன்.

“ஏனுங்கண்ணா, அய்யலூர்ச் சந்தையில கெடாவையே அடக்குறவரு, ஊசிக்குப் பயப்படலாமுங்களா?”

“யாருப்பு பயந்தா? புண்ணு விரல்ல இருக்கு, நீ முழங்கையில ரத்தம் எடுக்குற. எடுத்தத திருப்பித் தருவியா?”

“அதைத்தானுங்கண்ணா செய்யப் போறோம்.”

சின்னக்கண்ணு ஆட்டுத் தரகர். அய்யலூரில் விலையை வாயால் சொல்லுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. துண்டைப் போட்டு மூடி, அடியில் எதிராளியின் எந்த விரலை, எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதுதான் விலைப் பேச்சு. முரண்டு பிடித்த கிடா ஒன்றின் கயிறு வலது ஆள்காட்டி விரலை அறுத்துவிட்டது. சர்க்கரை உடம்பு, மாதக்கணக்கில் புண் ஆறவில்லை. “எலும்புக்குப் போயிருச்சுன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்” என்று டாக்டரம்மா சொன்ன அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. விரல் போனால் அவர் சந்தையில் ஊமை.

ரத்தம் எடுத்த குழாயைச் சுற்றிய மெஷின் நின்றதும், குழாயின் அடியில் சிவப்பும் மேலே வைக்கோல் நிறத் தெளிவுமாக ரத்தம் பிரிந்திருந்தது.

“இதுல தட்டணு இருக்குதுங்க. காயம்பட்ட இடத்துக்கு மொதல்ல ஓடுறது அதுதானுங்க. போயி, சதை வளரணும்னு மத்ததுக்கெல்லாம் சேதி சொல்லும்.”

“ஏலே, அப்ப என் ரத்தத்துலயும் தரகன் இருக்கான்னு சொல்லு!”

“ஆமாங்க. அவங்களைக் கூட்டமாச் சேர்த்து அனுப்புறோம். ஆனா சர்க்கரையக் குறைக்காட்டி அவங்களாலயும் ஒண்ணும் ஆகாதுங்க.”

டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து, தட்டணுக்களைக் கூழாக உறைய வைத்து அப்பி, கட்டுப் போட்டார். தண்ணீர் படக்கூடாது, யாரும் தொடக்கூடாது.

வியாழக்கிழமை விடிந்தால் சந்தை. மனைவி கருப்பம்மாள் வாசலை மறித்தாள். “கட்டு விரலோட யார்கிட்ட துண்டு போடப் போறீக?”

“செத்த நேரம் பார்த்துட்டு வாரேன்.”

சந்தையைப் பார்த்தவுடன் கை அரித்தது. திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் நைனா முகமது, நல்ல கிடாவாகப் பார்த்துத் துண்டை நீட்டினார். இடது கையைக் கொடுத்தால் அவமரியாதை. சின்னக்கண்ணு கட்டுப் போட்ட வலது கையையே உள்ளே விட்டார். நைனா முகமது முதல் பிடியிலேயே அந்த விரலை அழுத்தினார்.

“அய்யய்யோ!”

பேரத்துக்கான நடிப்பு என்று நினைத்த நைனா, விலையைக் கூட்டி இன்னும் இறுக்கிப் பிடித்தார். அலறலும் கூடியது. துண்டில் ரத்தம் கண்ட பிறகுதான் கையை விட்டார். “என்னண்ணே, விலை பத்தலைன்னுல்ல நெனச்சேன்!”

கூழ் கலைந்து புண் மறுபடி வாய் திறந்திருந்தது. டாக்டரம்மா திட்டியது ஆய்வகம் வரை கேட்டது. “இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா விரலைக் காப்பாத்துறேன்னு என்னால சொல்ல முடியாது.” முகேஷ்குமார் மறுபடி ரத்தம் எடுக்க வந்தபோது சின்னக்கண்ணு தானே கையை நீட்டினார்.

அடுத்த சந்தைக்குக் கருப்பம்மாள் காவலுக்கு வந்தாள். வலது கையை அவரது கழுத்தோடு தூளி கட்டிவிட்டிருந்தாள். நைனா முகமது எதிரே வந்து நின்று, துண்டைத் தன் இடது கையில் போட்டு நீட்டினார்.

“பாய், எடது கையா? ஆளுக என்ன சொல்லுவாக?”

“நீங்களும் எடது, நானும் எடது. யாருக்கு யாருண்ணே கொறச்சல்? வைத்தியத்துக்குன்னா குத்தமில்ல.”

பக்கத்துத் தரகர்கள் சிரித்தார்கள். “ரெண்டு பேரும் பீச்சாங்கை யாவாரமா!” சின்னக்கண்ணு கண்டுகொள்ளவில்லை. இடது விரல்கள் முதலில் தடுமாறின. கொஞ்ச நேரத்தில் சரளமாகப் பேசின. கிடா கைமாறியது.

அதன்பின் யாரும் அந்த விரலைத் தொடவில்லை. வெல்லக் காப்பியைக் கருப்பம்மாள் நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு முறை கட்டைப் பிரித்தபோதும் புண் சுருங்கி, இளஞ்சிவப்பாகப் புதுச் சதை ஏறியிருந்தது.

விரல் ஆறி ஒரு வருடமாகிறது. நகம் மட்டும் கோணல். சின்னக்கண்ணு இன்றும் வியாழக்கிழமைதோறும் அய்யலூரில் தரகு பார்க்கிறார். எல்லோரிடமும் வலது கை, நைனா முகமதுவிடம் மட்டும் இடது.