அறுபத்தெட்டாம் எண் வார்

இது நடந்தது. நேரங்கள் எல்லாம் என் சட்டைப்பை நோட்டில் இருக்கின்றன. துணி துவைப்பவனுக்கு மெஷின் போட்ட நேரத்தை எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. நான் குடிப்பதில்லை. ஆறு வருடமாக யாரிடமும் இதைச் சொல்லவுமில்லை. இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

தெற்கு மிசிசிப்பியில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு நான் சாமான் அறை ஆள். ஹெல்மெட்டுக்குத் திருகு முடுக்குவேன், தோள்கவசம் தைப்பேன், துணி துவைப்பேன், ஐஸ் சுமப்பேன். சனிக்கிழமை ஆட்டத்தில் கூட்டம் எழுந்து நின்று கத்தும்போது நான் உள்ளே ஈரத் துண்டு பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு வார் உண்டு. முழ நீள நாடா, நுனியில் கொக்கி, கொக்கியில் அவன் எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லை. சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் அதில் கோத்துத் தள்ளுவண்டியில் எறிந்துவிட்டுப் போவான். வாரோடு துவைத்து, வாரோடு உலர்த்தி, அவன் எண்ணுக்குரிய ஆணியில் மாட்டுவது என் வேலை.

ஆகஸ்டில் எங்கள் ஊர் வெயில் ஆளைக் கொல்லும். அதனால் காலைப் பயிற்சிக்கு விசில் ஐந்தரைக்கே. நான் இரண்டே முக்காலுக்கு முன்பே வந்துவிட வேண்டும். முந்தின மாலை எறிந்துபோன துணியெல்லாம் விசிலுக்கு முன் ஆணியில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு வாசலிலுள்ள தொட்டியில் ஐஸ் நிரப்ப வேண்டும். மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிதான் அது. வெப்பம் தலைக்கேறி ஒருவன் விழுந்தால் அவனை அதில் இறக்க வேண்டும். அரை மணிக்குள் உடம்பு குளிர்ந்தால் பிழைப்பான்.

முன்பொரு முறை ஒருவன் பிழைக்கவில்லை. அலான்சோ பிரைட். எண் அறுபத்தெட்டு. நான் வருவதற்கு வெகு முன்னால் நடந்தது. நடைவழியில் அவன் படம் இருக்கிறது. விசாரணையில் யார்மேலும் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். தொட்டி தயாராக இருந்தது, அவன் விதி, அவ்வளவுதான் என்று சொல்வார்கள். அதன்பின் அந்த எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை.

மிஸ்டர் ஹோலிஸ் லாட்னர் எங்கள் அறைத் தலைவர். முப்பது ஆகஸ்ட் பார்த்தவர். ஒரு ஆகஸ்டிலும் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அந்த வருடம் முழங்கால் அவரை விடவில்லை. வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். ஞாயிறு மாலை சாவியை என்னிடம் கொடுத்தார்.

"நாலு மெஷின். நூத்தி நாலு வார். எண்ணிக்கிட்டு நிக்காத."

"எண்ணாம எப்படி?"

"எண்ணினா நூத்தி அஞ்சு வரும். வந்தா அதத் தனியாப் போடு. பச்சத் தண்ணி. சூடு ஆகாது."

"யாரோடது அது?"

அவித்த கடலைத் தோலைக் கோப்பையில் துப்பினார்.

"உனக்குத் துவைக்கச் சம்பளமா, விசாரிக்கச் சம்பளமா?"

"சரி, மிஸ்டர் ஹோலிஸ்."

"தொட்டிய மறந்துடாத, டார்சி. எது விட்டாலும் அது விடாத."

வாசல்வரை நொண்டிப் போய்த் திரும்பிவந்து அதையே இன்னொரு முறை சொன்னார்.

திங்கள், அதிகாலை 2:40. கதவைத் திறந்தேன். முந்தின இரவு ஒன்பதுக்கு நானே பூட்டியது. வண்டியில் இருந்த வார்களை எண்ணினேன். நூற்று ஐந்து.

அடியில் கிடந்தது அது. அறுபத்தெட்டு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டவுடன் கையை எடுத்துவிட்டேன்.

சுட்டது. வெயிலில் கிடந்த துணியின் சூடு இல்லை. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி.

சட்டையில் பழைய கழுகு முத்திரை. அதை மாற்றி ஒன்பது வருடம். காலுறையில் புல் ஒட்டியிருந்தது. பச்சைப் புல். எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அப்போதே எட்டு வருடம் ஆகியிருந்தது.

யாரோ பழைய ஆள் வேடிக்கைக்குச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். தனியாகப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். முப்பத்தைந்து நிமிடம் கழித்து எடுத்தேன். மற்ற துணி சில்லென்று இருந்தது. அது மட்டும் இன்னும் சுட்டது. கடைசி ஆணியில் மாட்டினேன். அந்த ஆணிக்கு எண் எழுதியிருக்கவில்லை.

செவ்வாய், 2:40. ஆணி காலி. வார் மறுபடியும் வண்டியில். புதுப் புல், புது வியர்வை.

எட்டே காலுக்கு மிஸ்டர் ஹோலிஸுக்குப் போன் செய்தேன்.

"வந்துச்சு."

"துவைச்சியா?"

"ம்."

"அப்பறம் என்ன?"

வைத்துவிட்டார்.

புதன்கிழமை ஒரு புதிய பையன் சேர்ந்தான். கெண்ட்ரல் போகன். முந்நூற்றுப் பத்து பவுண்டு. கதவில் பக்கவாட்டாக நுழைந்தான்.

"உனக்குச் சட்ட தைக்கக் கூடாரத் துணிதான்டா வாங்கணும்."

"எங்கம்மாவும் அதத்தான் சொல்றாங்க, மிஸ்டர் டார்சி."

எழுபத்தாறாம் எண் கொடுத்தேன். வார் தீர்ந்துபோயிருந்தது. சொல்லியிருந்த புது வார்கள் வரவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. போனவன் வாரை எடுத்து, வில்லையைக் கழற்றி, வந்தவன் வில்லையை மாட்டிவிடுவோம். எல்லா ஊரிலும் செய்வதுதான்.

அன்று காலையிலும் வந்து, நான் துவைத்து மாட்டியிருந்த அந்த அறுபத்தெட்டாம் வாரை ஆணியிலிருந்து எடுத்தேன். பழைய துணியை உருவிக் குப்பையில் போட்டேன். அறுபத்தெட்டைக் கழற்றினேன். எழுபத்தாறை மாட்டினேன். கெண்ட்ரலிடம் கொடுத்தேன்.

"ஏன் இது இவ்ளோ சூடா இருக்கு?"

"மெஷின்லருந்து இப்பதான் வந்துச்சு," என்றேன்.

அன்று மாலை மிஸ்டர் ஹோலிஸின் மகள் ரெனே வந்தாள். அவர் மேசையில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடி வேண்டுமாம். கண்ணாடிக் கூட்டுக்குள் அந்த வில்லையைப் போட்டு, ஒரு சீட்டும் எழுதி வைத்தேன். "உங்க பிள்ளைய நீங்களே பாத்துக்குங்க." அறை ஆட்களுக்குள் இப்படித்தான் சீண்டிக்கொள்வோம். சிரிப்பார் என்று நினைத்தேன்.

வியாழன், 2:40.

எண்ணினேன். நூற்று ஐந்து. இப்போது கெண்ட்ரலையும் சேர்த்து ஆட்களே நூற்று ஐந்து பேர். அறுபத்தெட்டு இல்லை. விட்டது சனி என்று மூச்சுவிட்டேன். விசிலடித்தபடி மெஷினில் போட ஆரம்பித்தேன்.

எழுபத்தாறு கைக்கு வந்தது.

சுட்டது.

விரித்துப் பார்த்தேன். கெண்ட்ரலுக்கு நான் கொடுத்த புதுச் சட்டைதான். புது முத்திரைதான். காலுறையில்... புல்.

எல்லாவற்றோடும் சேர்த்துப் போட்டேன். 4:20க்கு வேலை முடிந்து ஆணிகளில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

4:26. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. விளக்கின் ரீங்காரம் மட்டும்.

அப்போது கேட்டது.

டக்... டக்... டக்...

அடியில் ஆணி வைத்த ஆட்டக் காலணி. சிமென்ட் தரையில். நடைவழியில். ஆட்டக்காரர்கள் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"யாரு?"

நின்றது.

மூச்சு. தூரம் ஓடிவந்தவன் மூச்சு. ஒவ்வொன்றும் இழுத்து... இழுத்து...

பிறகு ஐஸ் மெஷின் மூடி திறந்தது. கிரீச்.

சரக்...

யாரோ ஐஸ் அள்ளினார்கள்.

சரக்... சரக்...

அவசரமாக. வெறியோடு.

சரக். சரக். சரக்.

நான் பின்கதவு வழியாக ஓடினேன்.

4:31. என் காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். வாகன வெளிச்சங்கள் வந்தன. பையன்கள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர்க் குடுவைகளை நேரே மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அறைப்பக்கம் திரும்பவில்லை. ஐந்து மணி வந்தது. போனது.

ஐந்தரைக்கு விசில்.

6:37க்குக் கெண்ட்ரல் விழுந்தான்.

ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு பக்கமாகக் கோணி நடந்தான். ஏதோ உளறினான். மரம்போல் சாய்ந்தான். மருத்துவப் பொறுப்பாளர் மரிசெலா சூடு பார்த்தாள். நூற்றெட்டு டிகிரி.

"தொட்டி! டார்சி, தொட்டிக்குத் தூக்கு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் ஐஸ் போடவில்லை.

எட்டுப் பேர் அவனைத் தூக்கினோம். நாற்பது தப்படி. ஒவ்வோர் அடியிலும் காலித் தொட்டி என் கண்ணில் நின்றது. மெஷினிலிருந்து அள்ளி நிரப்ப இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிடம் இவனுக்கு இல்லை. பத்தொன்பது வயது. கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

மூலை திரும்பினோம்.

தொட்டி நிறைந்திருந்தது.

விளிம்புவரை ஐஸ். பக்கத்தில் தலைக்குப் போடும் துண்டு, நான்காக மடித்து. அள்ளும் கரண்டி தரையில் கிடந்தது. காலில் இடறியது. எடுத்து ஓரமாக வைக்கப் போனேன்.

கைப்பிடி சுட்டது.

இறக்கினோம். இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இரண்டு பேர் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஐஸ் மளமளவென்று கரைந்தது. 6:50க்குக் கெண்ட்ரல் கண் திறந்தான்.

"பின்னால இருக்கறவன எந்திரிக்கச் சொல்லுங்க..."

"யாரும் இல்லப்பா," என்றாள் மரிசெலா. "நீ மட்டும்தான்."

"என்னப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்... சுடுது..."

6:58. நூற்றிரண்டு. ஆம்புலன்ஸில் ஏற்றினோம். மரிசெலா என் தோளைப் பிடித்து அழுதாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே ரொப்பி வெச்சிருந்தியே. நீதான்டா காப்பாத்தின."

நான் குனிந்து ஈரத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

பதினொன்றரைக்குப் படிவம் வந்தது. விசிலுக்கு முன் தொட்டியில் ஐஸ் இருந்ததா? ஆம். நிரப்பியது யார்?

பேனாவைத் திறந்தேன். நிரப்பவில்லை என்றால் வேலை போகும். நிரப்பியது யார் என்றால் என்ன எழுதுவது?

டார்சி விட்லோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

12:05க்கு ரெனே போன் செய்தாள்.

"அப்பா போயிட்டாருங்க."

முழங்காலில் கத்தியே வைக்கவில்லையாம். ஏழேகாலுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு கொதிக்க ஆரம்பித்ததாம். சிலருக்கு அந்த மருந்து அப்படிச் செய்யுமாம், லட்சத்தில் ஒருவருக்கு. ஐஸ் கொண்டுவா என்று கத்தியிருக்கிறார்கள். அந்த மாடியில் ஐஸ் மெஷின் காலி. கீழ்மாடியிலிருந்து கொண்டுவர நேரமாகிவிட்டது.

"எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்டேன். "சூடு."

"நூத்தி எட்டுன்னு சொன்னாங்க."

கெண்ட்ரலுக்கும் அதே சூடுதான்.

"உள்ள போறதுக்கு முன்னாடி கண்ணாடிக் கூட்டத் திறந்தாரு. ஏதோ ஒரு நம்பர் வில்ல இருந்துச்சு. அதக் கையில வெச்சிக்கிட்டு ஒரு மாதிரி ஆயிட்டாரு. என்னமோ சொன்னாரு. எனக்குப் புரியல. 'பையன் விழுந்தப்புறம்தான் ஐஸ் அள்ளினேன். விசிலுக்கு முன்னாடியே போட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்'னாரு. எந்தப் பையன், டார்சி? என்ன எழுதிக் குடுத்தாரு?"

"தெரியலம்மா," என்றேன்.

"விரல மடக்கி வெச்சிருந்தாரு. உயிர் போனப்புறமும் பிரிக்க முடியல. வில்ல இன்னும் அவர் கையிலதான் இருக்கு."

வெள்ளி, 2:40.

எண்ணினேன்.

கெண்ட்ரல் ஆஸ்பத்திரியில் இருந்தான். எழுபத்தாறாம் வார் அவன் ஆணியில் தொங்கியது. வண்டியில் நூற்று நான்கு இருக்க வேண்டும்.

நூற்று ஐந்து இருந்தது.

கடைசி வாரைத் திருப்பினேன். நனைந்திருந்தது. சுட்டது. கொக்கியில் வில்லை. கறுப்பு மை, தேய்ந்த விளிம்பு. மிஸ்டர் ஹோலிஸின் உள்ளங்கையில் இருந்த அதே வில்லை.

அறுபத்தெட்டு.

தனியாகப் போட்டேன். பச்சைத் தண்ணீர்.

ஆறு வருடம் ஆகிறது. கெண்ட்ரல் நன்றாக இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு அவன் அம்மா எனக்கு அட்டை அனுப்புகிறாள், என் மகனைக் காப்பாற்றியவருக்கு என்று எழுதி. அந்தப் படிவம் என் கையெழுத்தோடு அலுவலகத்தில் இருக்கிறது. நான் ஒரு ஆகஸ்டிலும் லீவு போட்டதில்லை. ஒரு நாள் விடாமல் துவைக்கிறேன்.

போன மாதம் எனக்குக் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டார்கள். சின்ன ஆபரேஷன்தானாம். அரை மணி நேர மயக்கம்.

மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் தள்ளிப்போட்டுவிட்டேன்.