சமையலறையில் குதிரை

ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கவும் வந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நான் சொல்ல வேண்டிய ஒரு சொல்தான். மாப்பிள்ளையோடு ஒரு தடவை வெளியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு இரண்டு நாள் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு படத்துக்குப் போகலாம், மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதில் வேண்டும் என்றது.

படத்தைத் தேர்ந்தெடுத்தது அவர். அடையாறில் ஒரு சின்ன அரங்கில் போட்ட வெளிநாட்டுப் படம்.

நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். கண்ணில் பட்டதையெல்லாம் எண் போட்டு எழுதுவது பழக்கம். அம்மா அதைப் பயன்படுத்திக்கொண்டாள். அவர் மயிலாப்பூரில் ஒரு இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் தன் அம்மாவோடு இருக்கிறார் என்பது தெரியும். தெரியாதவை என்று பதினோரு கேள்விகள் கொடுத்தாள். படத்துக்கு முன்னால் கேன்டீனில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கைபேசியில் குறித்தேன். அவர் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். "நெகட்டிவ் மார்க் உண்டா?" என்று மட்டும் நடுவில் ஒரு தடவை கேட்டார்.

படம் முழுக்க ஒரே வீட்டில் நடந்தது. நடந்தது என்பதே என் ஊகம். மாடிப்படியில் தண்ணீர் வழிய, அதில் எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக மிதந்து இறங்கின. சமையலறையில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது, யாரும் கண்டுகொள்ளவில்லை. குளியல் தொட்டியில் ஒரு பெரியவர் தண்ணீருக்கடியில் படுத்து நாளிதழ் படித்தார். வழக்கம்போல் சந்தேகங்களை எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்பது வரை போனது. அப்புறம் ஒரு சிவப்புத் திரைச்சீலை காற்றில் மெல்ல உப்பி, உப்பி, அறை முழுவதையும் நிரப்பியது. பத்தாவதை எழுதத் தோன்றவில்லை. காரணம் கேட்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி நான் எதையும் பார்த்ததில்லை.

விளக்கு போட்டதும்தான் பயம் வந்தது. இவர் இந்தப் படத்தை எனக்கு விளக்குவாரோ? குதிரை என்றால் சுதந்திரம், தண்ணீர் என்றால் காலம் என்று ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். அம்மாவுக்குப் பட்டியலை அனுப்பிவிட்டு, மறுபடி கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

அவர் காபியை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார். வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அம்மா கூப்பிட்டாள்.

"ஏண்டி, அவாத்து சமையல் ரூம்ல குதிரை நிக்கறதா?"

கைபேசியைப் பார்த்தேன். அவர் வீட்டுத் தகவல்களுக்கு 'வீடு 1' என்றும், படத்துக்கு 'வீடு 2' என்றும் பெயர் வைத்திருந்தேன். போயிருந்தது இரண்டாவது. எதிரே இருந்து அவரும் எட்டிப் படித்தார்.

"மாடிப்படியெல்லாம் தண்ணின்னு போட்டிருக்கே. தொட்டிக்குள்ள ஒரு பெரியவர் கெடக்கார், ஏன்னு ஒருத்தரும் கேக்கலேன்னு ஒன்பதாவதா போட்டிருக்கே. யாருடி அது? அவரோட அப்பா போய் அஞ்சு வருஷம் ஆச்சுன்னுதானே சொன்னா."

பின்னாலிருந்து அப்பா குரல்: "குதிரையை ரெண்டாவது மாடிக்கு எப்படி ஏத்தினான்னு கேளு. லிஃப்ட்லயா?"

"அம்மா, அதெல்லாம் படத்துல வந்தது."

"நான் அவா அம்மாவுக்கே போன் பண்ணிட்டேன். நாசூக்காத்தான் கேட்டேன், ஆத்துல ஏதாவது வளக்கறேளான்னு. ரெண்டு மீன் இருக்குன்னா. மீனைச் சொல்றா, குதிரையை மறைக்கறா."

அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"நமஸ்காரம் மாமி. மீன் எங்காத்துது. குதிரை படத்துல வந்தது."

"குதிரைக்குச் சமையல் ரூம்ல என்ன வேலை?"

"தெரியல மாமி. எனக்கு ஒண்ணுமே புரியல."

"புரியாமலா ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேள்?"

"ஆமா மாமி. நன்னா இருந்தது."

கைபேசி என்னிடம் திரும்பி வந்ததும், யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில் அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"என்னடி, அவாளுக்கு என்ன சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லு."

"அந்தப் பதினோரு கேள்வி?"

"சாயந்திரம் அனுப்பறேன்."

வைத்தேன். அவர் எதுவும் காதில் விழாதவர்போல, ஆறிப்போன காபியை மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த எலுமிச்சம்பழம் எதுக்குன்னு உங்க லிஸ்ட்ல இருக்கா?"

"ஏழாவது."

"எனக்கும் அனுப்புங்கோ. வீடு ரெண்டு."