கீழ்ப்பக்கம் ஊற்றிய வாளி

ஷீட் கூரை வேலைக்கு அசோகன் என்றால் பெங்களூரில் பீன்யாவிலிருந்து பொம்மசந்திரா வரை தெரியும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அந்த அசோகன் நான்தான். பெருமையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இனி சொல்லப்போவது தொண்ணூற்றேழாம் வருஷம் நான் செய்த ஒரு வேலையைப் பற்றி.

பொம்மனஹள்ளியில் பிரிஜெட்டம்மா என்பவர் பேக்கரி நடத்தினார். விறகு அடுப்பு, தகர ஷீட் கூரை. புகை வெளியேற ஷீட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு சிம்னிக் குழாய் மேலே போனது. ஏப்ரல் மாதம் அது துருப்பிடித்து விழுந்துவிட, புதுசு வைக்க என்னைக் கூப்பிட்டார். என் பெயரைச் சொன்னது அங்கே அடுப்பு பார்த்த சின்னப்பா. எங்கள் தெருக்காரன், என் வயசுக்காரன். என்னை விட்டால் ஊரில் ஆளே இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

குழாயை நிறுத்துவது பெரிய காரியமில்லை. குழாயும் ஷீட்டும் சேருகிற இடத்தில் சுற்றிலும் ஒரு தகடு அடிக்க வேண்டும், ஃபிளாஷிங் என்போம். அதில்தான் சூட்சுமம். சரிவில் தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. ஆகவே தகட்டின் மேல் ஓரம் ஷீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும், கீழ் ஓரம் ஷீட்டின்மேல் படிய வேண்டும். மேல் ஓரத்தையும் ஷீட்டின்மேல் வைத்தால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கிவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் இதை.

ஷீட்டைத் தூக்க அதன் எட்டு போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். எட்டும் துருவேறி இறுகிக் கிடந்தன. அறுத்து எடுத்தால் அரை நாள் போகும். நானோ மதியம் பன்னிரண்டுக்குள் அடுப்பு பற்றவைக்கலாம் என்று பிரிஜெட்டம்மாவிடம் பெரிதாகச் சொல்லியிருந்தேன். சொன்னால் சொன்னபடி முடிக்கிறவன் என்று பெயர் வாங்குகிற வீம்பு. தகட்டை ஷீட்டின்மேலேயே வைத்து அடித்து, ஓரமெல்லாம் தாரைப் பூசினேன். சிம்னிச் சூட்டுக்குத் தார் எத்தனை நாள் தாங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் கூரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டுவது எங்கள் வழக்கம். வேலை கொடுத்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். ஊற்ற வேண்டியது குழாய்க்கு மேல்பக்கம். சின்னப்பா ஏணியில் ஏறி வாளியை எட்டிக் கொடுத்தான். நான் குழாய்க்குக் கீழ்ப்பக்கம் ஊற்றினேன். தண்ணீர் சலசலவென்று ஓடிக் கூரை விளிம்பில் கொட்டியது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை என்று பிரிஜெட்டம்மா சந்தோஷப்பட்டு எனக்கு இரண்டு துண்டு கேக் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

மே கடைசியில் ஒரு சாயங்காலம் பேய்மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பிரிஜெட்டம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், குழாயை ஒட்டி ஒழுகி, சுவரோரம் அடுக்கியிருந்த மைதா மூட்டைகளெல்லாம் களியாகிக் கிடந்தன. அடுப்பருகே சின்னப்பாவைக் காணோம். இனிமேல் வராதே என்று அனுப்பிவிட்டாராம்.

"கரி தட்டுறேன்னு கம்பியால குத்திக் குழாயை ஆட்டி விட்டிருக்கான். நீதான் என் கண்ணெதிர்லயே தண்ணி ஊத்திக் காட்டினியே. அவன் வேலையாத்தானே இருக்கும்?" என்றார்.

"இருக்கும் மேடம்" என்றேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அவ்வளவுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்கு எட்டு போல்ட்டையும் அறுத்து, ஷீட்டைத் தூக்கி, தகட்டை முறையாகச் செருகினேன். தண்ணீர் ஊற்றிக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, உன்மேல் நம்பிக்கை இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார். அந்த வார்த்தை செருப்படிபோல இருந்தது.

சின்னப்பா செங்கல் லாரியில் சுமை இறக்கப் போனான். நான் பத்து நாள் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே எதிரில் வந்து வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் மனைவி ஜானகி டீ கொடுத்தாள். அவன் விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"சிம்னி இப்ப ஒழுகலியே?" என்று கேட்டான்.

சரியாகிவிட்டது என்றேன்.

"இந்த வாட்டி மேல்பக்கம் ஊத்திப் பாத்தியா?"

கூனிக் குறுகிப் போனேன். அப்போதே தெரியுமென்றால் ஏன் பிரிஜெட்டம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ தொழில்காரன், உனக்குத் தெரியாததான்னு அன்னிக்கு விட்டுட்டேன். அப்புறம் சொன்னா, மாட்டிக்கினதும் உன்மேல போடறேன்னு ஆயிடும். உன்னைக் கூட்டினு வந்ததே நான்தானே" என்றான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை பிரிஜெட்டம்மாவிடம் போய், தார் பூசியதிலிருந்து "இருக்கும் மேடம்" வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மாவுக் கையைக்கூடக் கழுவாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு சின்னப்பா வீட்டுக்கு நடந்தார். என்ன பேசினாரோ தெரியாது. திரும்பும்போது அவனும் கூட வந்தான்.

வந்தவன் நேரே அடுப்புக்குப் போகவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, அவனே ஏணியில் ஏறினான். அன்று பிரிஜெட்டம்மா நின்ற இடத்தில், சிம்னிக்குக் கீழே, நான் அண்ணாந்து நின்றேன். மேல்பக்கத்திலிருந்து முழு வாளியையும் கவிழ்த்தான். ஷீட் அதிர்ந்தது.

"ஒழுகுதா அசோகா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

ஒரு சொட்டுக்கூட இல்லை என்று பிரிஜெட்டம்மாதான் பதில் சொன்னார்.