ரெட்டைப் புறா மார்க்

டீத்தூள் விக்கிறவன் டீயைக் குடிச்சுக் குடிச்சே வயித்தைக் கெடுத்துக்குவான்னு சொல்வாங்க. என் வயித்தைக் கலக்கினது டீ இல்லைங்க, பாக்கெட்டு மேலே இருந்த படம். பையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்ச சேல்ஸ்மேன் சொந்தங்களுக்கு இந்த வலி புரியும். எண்பதுகளில் தருமபுரியில் ஒரு சின்ன டீத்தூள் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். கம்பெனின்னா முதலாளி அருளப்பன், தூள் கலந்து பாக்கெட் போடுகிற நாலு பெண்கள், நான், அவ்வளவுதான். என் கையில் ஒரு ரெக்சின் பையும், சந்தை வெயிலுக்கு விரிச்சு வெக்க, வெள்ளைத் துணியால் ஒட்டுப்போட்ட பெரிய கறுப்புக் குடையும் இருக்கும்.

ஒண்ணும் ரெண்டும்

எங்க தூளுக்குப் பேர் ரெட்டைப் புறா. சிவப்புப் பாக்கெட், நடுவில் மஞ்சள் வட்டம், அதுக்குள்ளே ரெண்டு புறா. பேர்போன ஒரு பெரிய கம்பெனியும் அதே சிவப்பில், அதே வட்டத்துக்குள்ளே ஒரே ஒரு புறா போட்டு வித்துக்கிட்டிருந்தது. கம்பெனி பேர் வேண்டாம், இப்ப எதுக்கு வம்பு?

பாக்கெட்டை முதல்முதலாப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. இதனால பிரச்சினை வராதாங்கன்னு முதலாளியைக் கேட்டேன். அவர் ரொம்ப நிதானமாச் சொன்னார்: "அவனுது ஒண்ணு, நம்முளுது ரெண்டு. எண்ணத் தெரிஞ்சவன் எவனும் ஏமாற மாட்டான்."

டம்ளர் கேட்ட அக்கா

ரெண்டு வருஷம் வண்டி ஓடுச்சு. அப்புறம் அந்தப் பெரிய கம்பெனி ஒரு திட்டம் போட்டது. இருபது காலிப் பாக்கெட் கொடுத்தா ஒரு எவர்சில்வர் டம்ளர். மொரப்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக்கடை வெச்சிருந்த ராஜாத்தி அக்கா எங்க வாடிக்கை. எங்க காலிப் பாக்கெட் இருபதை நூலில் கோத்து வெச்சிருந்து, அந்தப் பெரிய கம்பெனி வேன் வந்ததும் நீட்டியிருக்கு. இது எங்க சரக்கு இல்லம்மான்னு வேன்காரர் சொல்லியிருக்கார். அக்கா விடுமா? ஸ்டேஷனே வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சண்டை. கடைசியில் அவர் ஒரு பாக்கெட்டை மட்டும் உருவி, மேலிடத்துக்குக் காட்டணும்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அடுத்த தடவை நான் போனப்ப அக்கா என்னைப் பிடிச்சுக்கிச்சு: "ஒத்தப் புறாவுக்கே ஒரு டம்ளர் தர்றாங்களாம். நீங்க ரெண்டு போட்டிருக்கறீங்க, எனக்கு ரெண்டு டம்ளர் வரணுமில்லீங்க?"

புறா யாருடையது

ஒரே மாசத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. புறாங்கற பேரும் படமும் அவங்க பதிவு செஞ்சது, உடனே நிறுத்தலைன்னா வழக்கு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடையிருந்தா சொல்லுங்கன்னு எங்க மாதா கோயிலில் எனக்கு ரெண்டு ஞாயிறு ஓலை வாசிச்சாச்சு, மூணாவது ஓலைதான் பாக்கி. கம்பெனியை மூடினா, வேலையில்லாத மாப்பிள்ளையா ஃபாதர் முன்னாடி போய் நிக்கணும்.

முதலாளியும் நானும் தருமபுரியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். புறா எங்க கோயில் பீடத்துக்கு மேலேயே இருக்குது, பரிசுத்த ஆவியோட அடையாளம், அதுக்கு எவனுங்க பட்டா வாங்க முடியும்னு முதலாளி கேட்டார். மனசாரத்தான் கேட்டார், பாவம். வக்கீல் ரெண்டு பாக்கெட்டையும் எட்ட இருந்த ஜன்னலில் வெச்சுக் காட்டினார். அவசரத்தில் வாங்கறவங்க எண்ணிப் பார்க்க மாட்டாங்க, ஒண்ணு மாதிரித் தெரிஞ்சாலே தப்புதான், பேர் வெக்கறதுக்கு முன்னாடியே அது வேற யார்கிட்டயாவது இருக்குதான்னு விசாரிச்சிருக்கணும்னார். முதலாளி மறுபடியும் அந்தப் பீடத்துப் புறாவையே இழுத்தார். வக்கீல் கண்ணாடியைக் கழட்டி வெச்சார்: "பரிசுத்த ஆவி உங்க மேல கேஸ் போடாதுங்க. அந்தக் கம்பெனி போடும்."

காரிமங்கலம் சந்தை

புறாவை விட்டுட்டோம்னு அன்னைக்கே எழுதிக் கொடுத்தோம், அவங்களும் அதோட விட்டாங்க. புதுசா அச்சடிக்க நேரமில்லை. வெறும் மஞ்சள் பேப்பரில் 'அருள் டீ'ன்னு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினோம். காரிமங்கலம் சந்தையில் இது போகலைன்னா கடையைக் கட்டிடலாம்னு முதலாளி சொல்லிட்டார். அந்தப் பதட்டத்தில் குடையை பஸ்ஸிலேயே விட்டுட்டு இறங்கிட்டேன்.

மத்தியானம் வரைக்கும் மூணே பாக்கெட்டு. வழக்கமா வாங்கறவங்ககூட என் வரிசைக்குள்ளே வராம எட்டவே திரும்பிப் போனாங்க. புறா போச்சு, பொழைப்பும் போச்சுன்னு நினைச்சேன். அழுகையே வந்துடுச்சு. அப்ப நாலாவது சுத்தா என்னைத் தாண்டின ஒரு அம்மா, குடைக்காரர் இன்னைக்கு வரலீங்களான்னு என்கிட்டயே விசாரிச்சாங்க. எந்தக் குடைக்காரருங்கன்னேன். ஒட்டுப்போட்ட குடை வெச்சுக்கிட்டு டீத்தூள் விப்பாரே அவருதான், குடைக்காரர் தூள் வாங்கியாரச் சொல்லி வூட்டுல அனுப்பிச்சாங்கன்னாங்க. நான்தாம்மா அது, பாக்கெட்டு மாறிடுச்சு, இப்பப் புறா இல்லைன்னு சொன்னேன். அந்த அம்மா என்னையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாங்க: "புறாவா? அதுல புறாவா இருந்துச்சு?"

பக்கத்து வளையல் கடைக்காரர் குடையை இரவல் வாங்கி, மேலே என் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டி விரிச்சேன். சாயங்காலத்துக்குள்ளே பை காலி. அந்த ஞாயிறு மூணாவது ஓலையும் வாசிச்சாங்க. முதலாளி இந்தத் தடவை முதல்ல வக்கீல்கிட்ட ஓடி, டீத்தூளில் யாருக்கும் குடை மார்க் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் பதிவுக்கு எழுதிப் போட்டார்.

அடுத்தவன் புறாவை வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் நான் பயந்து பயந்து நின்னதெல்லாம், பாருங்க, எங்க சொந்த மார்க்குக்கு அடியிலதான்.