தாடைக்கு வந்த கால் எலும்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத்தில் கடைந்து வரும் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை எனக்கு. ஒரு நாள் இடது கடைவாய்ப் பல் ஆடியது. பல் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் பல்லைத் தொடவே இல்லை. தாடை எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி குமிழிகள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க சார்” என்றார்.

அங்கே சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பல் முளைக்கிற திசுவில் வரும் அபூர்வமான கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் எலும்பைத் தின்றுகொண்டே போகும். இடது தாடையை வெட்டியெடுத்து, காலிலுள்ள மெல்லிய எலும்பை அங்கே பொருத்த வேண்டும்.

லேத் ஓட்டும் மண்ணூர்பேட்டை நண்பனுக்குத் திருப்தியில்லை. “ரத்தத்துல மார்க்கர் டெஸ்ட்டு எட்த்தியா மாமே? என் மச்சினிச்சிக்குக் கட்டி வந்தப்போ அத்தத்தான் எட்க்கச் சொன்னாங்கோ.”

அறுவை செய்யவிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். “இந்தக் கட்டி ரத்தத்துல தடயம் காட்டாதுங்க. துணுக்கு சொன்னதுதான் முடிவு” என்றவர், ஸ்கேனை வைத்து முப்பரிமாணத்தில் அச்சடித்த என் தாடையின் மாதிரியை மேஜைமேல் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக். கையில் எடுத்ததும் பழக்கதோஷம், அளவு எவ்வளவு பிசகலாம் என்று கேட்டுவிட்டேன்.

“டாலரன்ஸ் எவ்ளோ மேடம்?”

பக்கத்திலிருந்த மனைவி தொடையில் கிள்ளினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். “ஒரு மில்லிமீட்டர் முன்னபின்ன இருக்கும். எலும்பு இரும்பு இல்லீங்க, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.”

அந்தச் சிரிப்பில்தான் என் பயம் பாதி இறங்கியது.

அறுவை ஒரு பகல் முழுக்க நடந்தது. கண் விழித்தபோது கழுத்தில் குழாய், பேச்சு வரவில்லை. நோட்டில் எழுதினேன்: ‘கால் இருக்கா?’

வாய் நன்றாக இருந்த மனைவியும் பதற்றத்தில் பேனாவை வாங்கி எழுதினாள்: ‘இருக்கு. ரெண்டும்.’

சேக்காட்டிலுள்ள எங்கள் வீட்டில் கோல் ஊன்றி நடை பழகினேன். கஞ்சியிலிருந்து குழைந்த சாதத்துக்கு வந்துவிட்ட சமயம், நாக்கில் ஏதோ குத்தியது. கட்டி திரும்பிவிட்டதென்று மனைவியைக் கூப்பிட்டேன். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“ஏங்க... முடிங்க!”

ஈறு இருந்த இடத்தை மூட எலும்போடு சேர்த்துக் கால் தோலையும் வைத்திருந்தார்கள்; அதில்தான் கால் முடி வளர்ந்திருந்தது. டாக்டரம்மா கத்தரித்துவிட்டார். “இடம் மாறினது அதுக்குத் தெரியாதுல்ல? போகப் போகக் குறைஞ்சிடும்.”

நண்பன் கேட்டுவிட்டு, “பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ உள்ளயே வச்சிக்கினு கீற மாமே!” என்றான். தையல் போட்ட இடம் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

இப்போது அந்த எலும்பில் புதுப் பற்கள் பதித்தாகிவிட்டது. வருடா வருடம் ஸ்கேன், இதுவரை சுத்தம். தாடையோடு நரம்பும் போனதால் கீழுதட்டின் இடது பக்கம் மட்டும் மரத்தே கிடக்கிறது. காபி வழிந்தால் எனக்குத் தெரியாது. மனைவி கண்ணால் ஜாடை காட்டுவாள், துடைத்துக்கொள்வேன்.