மகேஸ்வரி விட்ட பந்து

வங்காளத்துப் பெஹாலாவில் வந்து நின்ற முதல் பஸ்ஸை மகேஸ்வரி விட்டுவிட்டாள். அடுத்ததையும் விட்டாள். கண்டக்டர் தகரத்தில் படபடவென்று தட்டி, "சால்ட் லேக், சால்ட் லேக்! தீதி, காலி, காலி!" என்று கத்தினான். உள்ளே ஒற்றைக் காலில் நிற்கிறவர்கள் சன்னல் வழியாகவே தெரிந்தார்கள். "இது நம்ம பந்து இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு, தோளில் தொங்கிய நீளமான துணிப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். பைக்குள் இருப்பது மீன்பிடிக்கும் தூண்டில் என்று பஸ் நிறுத்தத்துப் பான் கடைக்காரர் இன்றுவரை நம்புகிறார். அது பேஸ்பால் மட்டை.

லேக் மார்க்கெட்டுக்குப் போனாலும் இதே கதைதான். ஒரு முருங்கைக்காயை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள். கடைக்காரர் கெஞ்சத் தொடங்கும்போது அடுத்த கடையில் இருப்பாள். சால்ட் லேக்கில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் அவளுக்கு வேலை. மாதிரிப் பொருளோடு வருகிற விற்பனையாளர்கள் அவள் மௌனத்தைத் தாங்க முடியாமல் பேசிப் பேசி, கேட்காத சலுகையைத் தாங்களே கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் பேரம் பேசியதே இல்லை. சும்மா பார்ப்பாள், அவ்வளவுதான்.

கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் கும்பகோணத்துத் தமிழ், வெளியே வங்காளம், கோபம் வந்தால் இந்தி. கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவள், முப்பது தாண்டிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சால்ட் லேக் மைதானத்தில் ஆடும் பெண்கள் பேஸ்பால் அணியில் சேர்ந்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் மகேஷ்தி, அதாவது மகேஷ் அக்கா.

அந்த ஆட்டத்தில் அவளுடைய திறமை, பார்க்கிறவர்களுக்குத் திறமையாகவே தெரியாது. தரையில் பதித்த வெள்ளைத் தட்டுக்குப் பக்கத்தில் மட்டையோடு நிற்க வேண்டும். தட்டுக்கு மேலாக, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வருவது நல்ல பந்து. அப்படி மூன்றைக் கோட்டைவிட்டால் அவுட். அதற்கு வெளியே போகிற கெட்ட பந்துகளை ஆசைப்படாமல் விட்டுக்கொண்டே வந்தால், நான்காவதில், ஓர் ஓட்டத்துக்காகச் சுற்றி வர வேண்டிய மூன்று பேஸ் திண்டுகளில் முதல் பேஸுக்கு இலவசமாக நடந்து போகலாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெண்கள் காதுக்கு மேலே போகிற பந்தையும் துரத்தி அடிப்பார்கள். மகேஸ்வரி நிற்பாள். பிறகு நடப்பாள்.

"ஓடாம நடந்து போறதுக்கு ஒரு ஆட்டமா? மாசாந்திரக் கட்டணம் வேற!" என்பார் அவள் கணவர் அர்ஜுனன். மெட்ரோ ரயிலில் சிக்னல் பிரிவுக்காரர். அவருக்குச் சிக்ஸர் பறந்தால்தான் ஆட்டம்.

"சிவப்பு விழுந்தா வண்டிய நிறுத்துறீங்கல்ல? அப்ப டிரைவர் பயந்தாங்கொள்ளியா?" என்று கேட்டு அவர் வாயை அடைப்பாள்.

ஆனால் போன மாதத்திலிருந்து அந்தப் பதிலை அவள் சொல்லவில்லை. ஜனவரியில் எதிரணிப் பெண் பியாலி வீசிய பந்து அவள் விலாவில் பட்டது. வீக்கம் வடிந்து, வலியும் போனது. போன மாத ஆட்டத்தில் அதே பியாலி வீசிய மூன்றாவது நல்ல பந்து தட்டின் நட்டநடுவே வந்தபோது, மட்டை அவள் தோளைவிட்டு அசையவே இல்லை. பார்த்துக்கொண்டே அவுட்டானாள். அது கெட்ட பந்து என்று நினைத்து விட்டாளா, கை வராமல் விட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. முருங்கைக்காயைக் கீழே வைக்கும்போதுகூட அந்தக் கேள்வி வந்து நின்றது.

கோயம்புத்தூரிலிருந்து செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்கு வந்த தினேஷ்குமார்தான் அணியின் கோச். அவளைவிடப் பத்து வயது சின்னவன். பூஜை விடுமுறைக்கு முந்தைய கடைசி ஆட்டத்தன்று காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க்கா. கட்டக்ல நடக்கிற டோர்னமென்ட்டுக்கு ஒரு எடந்தான் பாக்கி. நீங்க நிக்கிறது பொறுமைன்னா கண்ண மூடிட்டுக் கூட்டிட்டுப் போயிருவனுங்க்கா. பயம்னா முடியாதுங்க்கா."

"நானும் அதத்தான் பாக்கணும்னு வந்திருக்கேன்" என்றாள் மகேஸ்வரி.

மைதானத்தின் ஓரமெல்லாம் காஷ் புல் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெயில் மட்டும் வைகாசி வெயில். அர்ஜுனனும் அதிசயமாக வந்து, குடையை விரித்துக்கொண்டு மூன்றாவது பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுற்றில் ஆட்டம் சமநிலை. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் ஆள். மூன்றாவது பேஸில் நின்றவள் சாய்பிரியா, மதுரையிலிருந்து படிக்க வந்து அணியில் சேர்ந்து சில வாரமே ஆனவள். அவள் தட்டுக்கு வந்து சேர்ந்தால் வெற்றி. மட்டையோடு போக வேண்டியது மகேஸ்வரியின் முறை. எதிரே பியாலி.

முதல் பந்து தரையை ஒட்டி வந்தது. விட்டாள். அம்பயர் வாரநாட்களில் கிரிக்கெட்டுக்கு நிற்கிறவர்; பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் விரித்து வைடு காட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவதும் தாழ்வு. விட்டாள். "மாரோ நா, தீதி!" என்று காலை நடைக்கு வந்தவர்கள் அடிக்கச் சொல்லிப் பொறுமையிழந்தார்கள். அடுத்த இரண்டும் நல்ல பந்துகள். மட்டையை வீசினாள். இரண்டும் மட்டையின் ஓரத்தில் பட்டுப் பின்னால் தெறித்தன. அப்படித் தெறித்தாலும் கோட்டைவிட்டதுதான்; அவள் கணக்கில் இரண்டு தப்பு. அதற்கடுத்தது தலைக்கு மேலே போனது. விட்டாள்.

இனி ஒரு கெட்ட பந்தை விட்டால் அவள் முதல் பேஸுக்குப் போவாள், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னால் நகர்வார்கள்; வெற்றி. ஒரு நல்ல பந்தை விட்டால் எல்லாம் போச்சு.

பியாலி உடம்பை ஒட்டி வீசினாள். அதே வேகம், அதே உயரம், விலாவைத் தேடி வருகிற மாதிரி. மகேஸ்வரியின் இடதுகால் பின்வாங்கப் பார்த்தது. கண் மட்டும் பந்தைவிட்டு விலகவில்லை. அது தட்டின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கால் நின்றது. மட்டை வந்தது. 'டங்' என்ற சத்தத்தோடு பந்து கோட்டுக்கு வெளியே பறந்து அர்ஜுனனின் குடையைக் கவிழ்த்துவிட்டுப் போனது.

"அடியே! என்னையவா அடிக்கிற?" என்று அவர் எழுந்து நின்று கத்தினார். மைதானமே சிரித்தது.

எல்லைக்கு வெளியே போனதால் அந்த அடிக்குப் பலன் எதுவும் இல்லை; இரண்டு தப்புக்குப் பிறகு அப்படிப் போவது மூன்றாவது தப்பாகவும் சேராது. ஆனால் உள்ளங்கை இரண்டும் ஜிவுஜிவென்று எரிந்தன, அந்த எரிச்சல் அவளுக்குச் சர்க்கரையாக இருந்தது. கை வருகிறது. விலாவைத் தேடி வந்ததற்கே வருகிறது. ஒரு மாதமாக உள்ளே உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல மூச்சு இறங்கியது.

அடுத்த பந்து மெதுவாக வந்தது. நெஞ்சுக்குக் கீழே, அடி அடி என்று கூப்பிட்டுக்கொண்டே, தட்டைவிட்டு வெளிப்பக்கம் மெல்ல நழுவியது. "அடிங்க்கா!" என்று தினேஷ்குமாரே அலறிவிட்டான்.

மகேஸ்வரி அது கீப்பர் கையுறைக்குள் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்பயர் இரண்டு கையையும் அகல விரித்தார். இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது பேஸில் சாய்பிரியா அசையாமல் நின்றாள். விட்ட பந்துக்கு ஒன்றும் நடக்காது என்பது அவள் பழகிய கிரிக்கெட்.

"ஏய் சாய்! நிக்கிறியே, வாடி!" என்று மகேஸ்வரி கத்தினாள்.

"அடிக்கவே இல்லியேக்கா? ஓடி வரவா?"

"நடந்தே வா. யாரும் உன்னத் தொட முடியாது. தட்ட மட்டும் மிதிச்சிரு!"

சாய்பிரியா சந்தேகத்தோடு, யாராவது திட்டுவார்களோ என்று அங்குமிங்கும் பார்த்துக்கொண்டே வந்து, தட்டின் மேல் செருப்புக்கடையில் அளவு பார்ப்பதுபோல ஒரு காலை வைத்தாள். அதற்குப் பிறகுதான் கூச்சல் கிளம்பியது. அணி முழுக்க மகேஸ்வரியைத் தூக்க ஓடி வந்தது. அவள் கையை நீட்டித் தடுத்தாள். முதல் பேஸை அவள் மிதிக்கிறவரை ஆட்டம் முடியாது.

"மகேஷ்தி, ஜிதே கேச்சி!" என்று ஜெயித்த குஷியில் அவர்கள் வழியெல்லாம் குதித்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நடந்து போய் அந்த வெள்ளைத் திண்டின் மேல் ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள்.

தினேஷ்குமார் மூச்சிரைக்க ஓடி வந்தான். "கட்டக்குக்கு டிக்கெட் போடோணும். லோயர் பெர்த்துங்களா, அப்பருங்களா அக்கா?"

"லோயர்" என்றாள். சொன்ன கையோடு அந்தத் திண்டின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்து, புல்லில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். எழுப்பிவிட அவன் கையை நீட்டினான். அவள் அதைப் பற்றிக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.