மூன்று பெயர்ப்பலகை, ஒரே லேத்

என் அப்பா கரியப்பன் சென்ற தை மாதம் இறந்தார். வயது ஐம்பத்துமூன்று. உத்தனப்பள்ளியில் கூலிக்கு ஏர் ஓட்டியவர், 1981இல் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தார். ஒரே வருடத்தில் எட்டாம் நம்பர் லேத்துக்கு ஆபரேட்டர் ஆனார்.

ஓசூரில் தொழில் தொடங்கினால் ஐந்து வருடம் விற்பனை வரி இல்லை என்று அந்தக் கம்பெனிக்குச் சலுகை. அதற்காகத்தான் முதலாளி பெங்களூரிலிருந்து எல்லை தாண்டி வந்தார்.

1986இல் ஐந்து வருடம் முடிந்தது. முதலாளி கம்பெனியை மூடி, அதே ஷெட்டில் வேறு பெயரில் தொடங்கினார். புதுக் கம்பெனி, புது மெஷின் என்று காட்டினால் மறுபடி சலுகை. மெஷின்களுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, வருடம் பொறித்த தகடுகளைக் கழற்றினார்கள். அறுபது பேரும் ராஜினாமா கொடுத்துப் புதிதாகச் சேர்ந்தார்கள்.

"எனக்கும் ஒரு கோட்டிங் அடிச்சு உட்ருங்க சார், தலையெல்லாம் நரைச்சுப் போச்சு" என்றாராம் அப்பா. மேனேஜர் சிரிக்கவில்லை.

மெஷின்கள் புதியவைதானா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். சலுகை கிடைக்காவிட்டால் இழுத்து மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதிகாரி அப்பா பக்கத்தில் வந்து நின்றார். எட்டாம் நம்பரில் திருகு தேய்ந்திருந்தது. கைப்பிடியை அரைச்சுற்று பின்னால் விட்டுத் திருப்பினால்தான் அளவு சரியாக வரும். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் படித்தவள். புது லேத்தில் அத்தனை தளர்வு இருக்காது. அப்பாவின் கை, பழக்கத்தில், அரைச்சுற்று பின்னால் விட்டது.

"எத்தனை நாளா இந்த மெஷின்ல இருக்கீங்க?"

"இருவது நாளுங்க சார்."

"இருபது நாள்லயே இவ்வளவு பழக்கமா?"

"நல்ல மெஷினுங்க சார். சொன்ன பேச்சு கேக்குது."

அதிகாரி கையெழுத்துப் போட்டார். அன்று மாலை அப்பா மைசூர்பாகு வாங்கி வந்தார்.

"பொய் சொன்னதுக்கா இனிப்பு?" என்றாள் அம்மா.

"அறுவது ஊட்ல அடுப்பெரியுதில்ல?"

1991இல் பெயர்ப்பலகை மறுபடி மாறியது. மெஷின்கள் நீலமாயின. இம்முறை புதிதாகச் சேருபவர்களுக்கு வயது வரம்பு வைத்தார்கள்: நாற்பது. அப்பாவுக்கு நாற்பத்தாறு. எடுக்கவில்லை.

சலுகையே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது இல்லாவிட்டால் அப்பா லேத்தையே பார்த்திருக்கமாட்டார், நானும் படித்திருக்கமாட்டேன். பின்னாளில் என் வேலையில் அப்படியொரு சலுகைக்கான விண்ணப்பத்தை நிரப்பினேன். இயந்திரங்களுக்கு நான்கு பக்கம். ஆட்களுக்கு ஒரே கட்டம், எண்ணிக்கை எழுத.

மூன்றாவது பெயரில் கம்பெனி ஓடத் தொடங்கிய அன்று அப்பா கம்பெனி கேட்டுக்குப் போயிருக்கிறார். வாட்ச்மேன் ஆஞ்சப்பன் காண்ட்ராக்ட் ஆள். அந்த வயது வரம்பு அவருக்கு இல்லை.

"எட்டாம் நம்பர்ல நிக்கிறவங்கள, அரைச்சுத்து பின்னால உட்டுத் திருப்பச் சொல்லுய்யா. இல்லாட்டி பீஸெல்லாம் வீணாப் போவும்."

"யோவ் கரியா, அது புது மெஷினாமேய்யா!"

இருவரும் சிரித்திருக்கிறார்கள். அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை.

சாவுக்கு வந்த ஆஞ்சப்பன்தான் சொன்னார். எட்டாம் நம்பர் இன்னும் ஓடுகிறதாம்.